ஜூடித்தின் குழந்தைக்கு ஞானத்தாய்

சேசு மரி சூசை துணை

மைசூர்
9 பிப்ரவரி 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு மெட்டில்டா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நான்தான் எழுதுகிறேன், தெளிவான புத்தியோடுதான் எழுதுகிறேன். பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். பூரண குணம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வந்து அழைத்துப் போகும்படி உங்களுக்கு இரண்டு தடவை எழுதியதாகச் சொன்னார். தபால் தவறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

செலின் பிறந்த கையோடு எனக்கு வந்தது என்ன என்பதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. தூக்கம் அடியோடு போயிற்று. தொட்டிலில் கிடப்பது என் குழந்தை அல்ல, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அவளை மழையில் மாதுளை மரத்தடியில் கிடத்திவிட்டு, என் குழந்தையைத் தேடி ரோட்டில் ஓடினேனாம். அதில் பாதிதான் எனக்கு ஞாபகம். "பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இது வரும். ஜுரம் மாதிரி இதுவும் ஒரு வியாதி. உன் குணம் அல்ல" என்றார் டாக்டர். எனக்கு அது போகிற மாதிரி போய்த் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் போய்விட்டது. போன வருஷம் முழுக்க ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பாத்தி கட்டினேன், மற்றவர்களுக்குத் துணி தைத்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். நீங்கள் பார்த்தால் கொஞ்சம் பருத்துவிட்டேன் என்பீர்கள்.

குண்டலுபேட்டைக்கே வந்திருப்பேன். கூப்பிடாமல் வந்து நிற்கக் கால் எழவில்லை. சின்ன வயதில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் இங்கே அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டாரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். வட்டாரம் என்று இங்கே சொல்வது, ஒரே வாசலுக்குள் ஒன்பது வீடு, நடுவில் ஒரு குழாய். கொள்ளேகாலத்திலிருந்து வந்து பூ வியாபாரம் செய்யும் மாரக்காள் என்ற அம்மாள் வீட்டின் பின்னறையில் இருக்கிறேன்.

செலினுக்கு இந்த மாசியோடு நாலு வயது முடிகிறது. என்ன பேசுகிறாள்? தலைமுடி சுருட்டையா, உங்களைப் போல் கோரையா? பழைய கவுன் ஒன்று அனுப்பினால் அளவு பார்த்துப் புதிதாகத் தைத்து அனுப்புவேன்.

எப்போது வந்து அழைத்துப் போவீர்கள்? உங்கள் அக்கா ரெஜினாவுக்கு என் தோத்திரம்.

உங்கள்
மெட்டில்டா


குண்டலுபேட்டை
23 பிப்ரவரி 1936

அன்புள்ள மெட்டில்டாவுக்கு ஆசீர்வாதத்துடன் லூர்துராஜ் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பது குறித்து ஆண்டவருக்கு நன்றி. டாக்டரின் கடிதங்கள் கிடைத்தன. தவறவில்லை. மோட்டார் சர்வீஸ் ஆபீசில் டிக்கெட் புக்கிங், பார்சல் எல்லாம் என் தலையில்தான் என்பது உனக்குத் தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல.

நீ போன பிறகு ஊரில் கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. ரங்கூனில் உன் அண்ணன் சம்சாரம் படுத்த படுக்கையாக இருப்பதாகவும், நீ துணைக்குப் போயிருப்பதாகவும் அக்கா சொல்லிவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். செலினும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். உன்னை "ரங்கூன் அம்மா" என்கிறாள். இந்த நிலையில் திடீரென்று உன்னைக் கூட்டி வந்தால் பேச்சு எழும். கொஞ்ச காலம் பொறு. பக்குவமாக ஒரு வழி செய்கிறேன்.

அவளுக்கு முடி சுருட்டை. உன்னைப் போல.

பஸ் டிரைவர் கெம்பையனிடம் ஒரு பழைய கவுனும், கொஞ்சம் நிலக்கடலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவன் நல்லவன். வெளியே பேச மாட்டான்.

லூர்துராஜ்


மைசூர்
19 ஏப்ரல் 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். கவுனும் கடலையும் வந்தன. கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. புதிய கவுன் தைத்துக் கெம்பையனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். விளிம்பில் மடிப்பு விட்டிருக்கிறேன். அவள் வளர வளரப் பிரித்துவிடலாம்.

இங்கே முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. கன்னியாஸ்திரி என்னைப் பற்றி மாரக்காளிடம் எதையும் மறைக்கவில்லை. வாடகைக்கு ஆள் வேண்டுமே என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டாரே தவிர, நான் வந்த அன்றே வீட்டிலிருந்த அரிவாள்மனையைக் காணவில்லை. காய் அரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய் அரிந்து வருவார். குழாயடியில் நான் போய் நின்றால் மற்றப் பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தையுமே சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

எத்தனை நாளைக்கு இப்படி? ஒரு காலையில் குழாயடியில் எல்லோரும் இருந்தபோது குடத்தைக் கீழே வைத்துவிட்டு நானே சொன்னேன். "நான் எங்கேயிருந்து வந்தேன்னு எல்லாருக்கும் தெரியும். பெங்களூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேருந்து. பிள்ளை பெத்ததும் புத்தி தடுமாறிப் போச்சு, இப்ப குணமாயிடுச்சு. யாருக்காவது ஏதாவது கேட்கணும்னா என்கிட்டயே கேளுங்க. சுவத்துக்குப் பின்னால பேசினா எனக்குப் பாதிதான் கேக்குது."

தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் மாரக்காள்தான் வாயைத் திறந்தார். "ஏன் அம்மிணி, அங்க சோறெல்லாம் நல்லாப் போடுவாங்களா?"

"களியும் சோறும் போடுவாங்க. சாம்பாருதான் தண்ணி."

"அங்கயும் தண்ணி சாம்பாருதானா!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். நாலு வருஷத்தில் நாலு பேரோடு சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றுதான். அன்று மத்தியானம் மாரக்காள் ஒரு பூசணிக்காயையும் அரிவாள்மனையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சித்தெ அரிஞ்சு குடு, எனக்கு இடுப்பு வலிக்குது" என்று போய்விட்டார். அந்தப் பூசணியைப் பொடிப்பொடியாக அரிந்து தள்ளினேன். சந்தோஷத்தில்தான்.

ஐந்தாம் வீட்டு ஜூடித் நம் கோவில்காரிதான். அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமி பட்டு ஃபாக்டரியில் வேலை. அவளுக்கு இது மூன்றாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. ரவிக்கையைத் தளர்த்தித் தர முடியுமா என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தாள். இப்போது தினமும் வந்து என் பாயில் உட்கார்ந்துகொள்கிறாள். "உங்ககிட்ட பேசினா பேஜாரே போயிடுது அக்கா" என்கிறாள். என்னிடம் ஒருத்திக்கு ஆறுதல்!

செலின் கவுனைப் போட்டுக்கொண்டாளா? எழுதுங்கள்.

மெட்டில்டா


குண்டலுபேட்டை
27 ஏப்ரல் 1936

அன்புள்ள மெட்டில்டாவுக்கு,

கவுன் பிடித்திருக்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்று சொன்னேன்.

நீ குழாயடியில் செய்த காரியம் எனக்குச் சம்மதமில்லை. யார் கேட்டார்கள்? மைசூருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் தினமும் எத்தனை பேர் போய்வருகிறார்கள் தெரியுமா? டிக்கெட் கொடுக்கிற என் முகத்தைப் பார்த்து நாளைக்கு ஒருவன் கேட்டால் நான் என்ன சொல்வேன்? குணமான வியாதியை எதற்காகத் தம்பட்டம் அடிக்க வேண்டும்? இனி கார்டிலும் எழுதாதே. கவரில் ஒட்டி அனுப்பு.

கோபித்துக்கொள்ளாதே. உன் நன்மைக்காகவே சொல்கிறேன்.

லூர்துராஜ்


மைசூர்
2 ஆகஸ்ட் 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு,

கோபம் இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது கோபப்பட நேரம் இல்லாத அளவுக்கு வேலை. நடந்ததைச் சொல்கிறேன், தம்பட்டம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வீட்டில் தேவம்மா என்று ஒரு கன்னடக்கார அம்மாள். குழாயடியில் எல்லோரையும்விடத் தள்ளி நின்றவர் அவர்தான். ஜூன் மாதம் ஒருநாள் தைக்கத் துணி கொண்டுவருகிற மாதிரி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தம்பியை மாட்டுக்கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்களாம். இரண்டு வருஷமாக! பூசாரியிடம் அடி வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். "மெட்டில்டம்மா, அங்க அடிப்பாங்களா? போனவங்க திரும்பி வருவாங்களா?" என்று கேட்டார்.

"என்னைப் பாருங்க, திரும்பி வந்திருக்கேன் அல்வா?" என்றேன், இல்லையா என்பதை அவருடைய கன்னடத்திலேயே.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் இரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறார். குழாயடியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் அந்தப் பிள்ளை சங்கிலியில்தான் இருந்திருப்பான்.

ஊரில் பெரியவர்கள் லேசில் விடவில்லை. தேவம்மா, ரத்தினசாமி, நான் மூன்று பேரும் போனோம். கொட்டகைக்குள் நான்தான் முதலில் போனேன். என்னைப் பார்த்து உறுமினான். நான் சாணித் தரையில் அவனுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைப் பிட்டு நானும் தின்றேன், அவன் பக்கமும் நகர்த்தினேன். நிறைய நேரம் கழித்து எடுத்துக்கொண்டான். "நான் இருந்த இடத்துக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன், அங்க சங்கிலி கிடையாது" என்றேன். புரிந்ததோ என்னவோ, கையை நீட்டினான். சங்கிலியைக் கழற்றச் சொல்லி நீட்டியிருக்கிறான்! அவன் மாமன் சாவியைக் கொண்டுவரும் வரை அந்தக் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

ரயிலில் பெங்களூர் போய்ச் சேர்த்தோம். அந்த ஆஸ்பத்திரி வாசல் எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே போனால் மறுபடி வெளியே விடுவார்களா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போனேன். டாக்டர் எழுந்து நின்று, "நீங்களா!" என்றார். பழைய தாதி ஒருத்தி என் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்து, "நீயே தைத்ததா, வாங்கினதா?" என்று கேட்டாள். சாயங்காலம் அதே வாசல் வழியாக நான் என் காலால் நடந்து வெளியே வந்தேன். ரத்தினசாமி குதிரைவண்டி கூப்பிடப் போனார். வேண்டாம், ஸ்டேஷன் வரைக்கும் நடப்போம் என்றேன். எனக்கு நடக்க வேண்டும் போலிருந்தது. அந்த ரோடு முழுக்க நடக்க வேண்டும் போலிருந்தது!

தேவம்மாவின் தம்பி இப்போது தலை சீவிக்கொள்கிறானாம், பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறானாம். தேவம்மா எங்கள் வட்டாரத்தில் மட்டுமல்ல, பக்கத்துத் தெருக்களிலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர், புருஷனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு ஒருவர். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வழி தெரியும், பக்கத்தில் உட்காரத் தெரியும். மாரக்காள் எல்லோருக்கும் காப்பி போட்டுவிட்டு, "என்ற வூடு சத்திரமாப் போச்சு" என்று அலுத்துக்கொள்கிறார். வராவிட்டால், "ஏன் இன்னிக்கு ஒருத்தரையும் காணோம்?" என்று வாசலைப் பார்க்கிறார்.

செலின் என்ன செய்கிறாள்? அவளைப் பற்றி நீங்கள் எழுதுகிற வரிகள் ரொம்பக் கொஞ்சம்.

மெட்டில்டா


மைசூர்
25 அக்டோபர் 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு,

தசரா கூட்டத்தில் பஸ் வேலை அதிகம் என்று கெம்பையன் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூடித்துக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். வலி கண்டதிலிருந்து என் கையை விடவே இல்லை. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி அதை ஒரு துணியில் சுற்றி எங்கே வைப்பது என்று பார்த்தாள். ஜூடித் சொன்னாள், "அக்கா கைல குடுங்க." மருத்துவச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் என் கதை தெரியும். "குடுங்கன்னு சொன்னேன் அல்வா" என்றாள் ஜூடித், அந்த நிலையிலும். குழந்தையை வாங்கினேன். என் பெண்ணை நான் இப்படித் தூக்கினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. இதை மறக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூடித்தும் ரத்தினசாமியும் குழந்தையின் ஞானஸ்நானத்தில் என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. பெயர் கொடுக்கப் போனபோது கோவில் உபதேசியார், "ஆஸ்பத்திரிலேருந்து வந்தவங்களை ஞானத்தாயா வைக்கிற வழக்கம் இல்லை. வேற நல்ல பேரா சொல்லுங்க" என்றிருக்கிறார். ரத்தினசாமி பேசாமல் திரும்பி வந்தார். வட்டாரத்துப் பெண்கள் பேசாமல் இருக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது வீட்டிலிருந்தும் ஆள் கிளம்பிவிட்டது. நம் கோவில்காரர்கள் நாலு வீடுதான், மற்றதெல்லாம் விபூதியும் குங்குமமும். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

உபதேசியார் திகைத்துப்போய், மாரக்காளைப் பார்த்து, "நீங்க யாரம்மா? இது எங்க சபை விஷயம்" என்றார்.

"ஏனுங்க சாமி, சபை உங்களதுங்க. புள்ள எங்க வட்டாரத்துப் புள்ளங்க. இந்த அம்மிணி என்ற வூட்டுல ஒம்பது மாசமா இருக்குது. என்ற பேரன் ரெண்டு பேரும் இது மடியிலதான் தூங்கறானுங்க. நானே பயப்படலீங்க, நீங்க என்னத்துக்குங்க பயப்படறீங்க?"

சத்தம் கேட்டுப் பங்குச் சாமியார் வெளியே வந்தார். எல்லோரையும் பார்த்தார். என்னைத் தனியாக அழைத்தார். "விசுவாசப் பிரமாணம் சொல்லு, மகளே" என்றார். சொன்னேன். "மறுபடி அந்த வியாதி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். அவர் ஒளிக்காமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. "வரலாம், சாமி. வந்தால் எனக்கே அடையாளம் தெரியும், தூக்கம்தான் முதலில் போகும். மாரக்காளிடம் சொல்வேன். அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். குணமானதும் திரும்பி வந்து இந்தக் குழந்தைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பேன்" என்றேன்.

அவர் உபதேசியாரிடம் திரும்பி, "பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் எட்டாம் தேதி, ஞாயிறு, பெரிய பூசை முடிந்ததும். எல்லோரும் இருக்கும்போதே நடக்கட்டும்" என்றார்.

நீங்கள் செலினையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும். இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியவில்லை.

மெட்டில்டா


குண்டலுபேட்டை
30 அக்டோபர் 1936

அன்புள்ள மெட்டில்டாவுக்கு,

நன்றாக யோசித்து இதை எழுதுகிறேன்.

நீ இங்கே வந்துவிடு. உடனே. அக்காவிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டாள். அடுத்த வாரமே வந்து உன்னை அழைத்துவருகிறேன். செலின் உன்னோடு இருப்பாள். ரங்கூனிலிருந்து திரும்பி வந்துவிட்டாய் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சு மட்டும் இந்த வாசலுக்குள் வரக் கூடாது.

ஆனால் அந்த ஞானத்தாய் காரியம் வேண்டாம். இந்த ஊரிலிருந்து பெரிய பூசைக்கு மைசூர் வருகிறவர்கள் உண்டு. எல்லோர் முன்னாலும் நீ போய் நின்று, யார் எவர் என்று பேச்சு வந்துவிட்டால், பிறகு ரங்கூன் கதை நிற்காது. நான் உன்னை இங்கே அழைத்துவரவும் முடியாது. அக்காவும் விட மாட்டாள். நீ ஆசைப்பட்டது உன் பிள்ளையைத்தானே? அது கைக்கு எட்டுகிற நேரத்தில் பிறத்தியார் பிள்ளைக்காக அதைத் தள்ளிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
லூர்துராஜ்


மைசூர்
3 நவம்பர் 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கோவிலில் போய் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை. "உன்" என்று எழுதி இப்போதுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஆனாலும் நான் ஞாயிற்றுக்கிழமை நிற்பேன்.

செலினுக்காக ஏங்காத பொழுது எனக்குக் கிடையாது. அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவளும் வளர்ந்து ஒருநாள் பிள்ளை பெறுவாள். எனக்கு வந்தது அவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அம்மா ரங்கூன் போனாள் என்ற கதை அவளுக்கு எந்த விதத்தில் உதவும்? இருட்டில் தனியாகத் தட்டுத்தடுமாறுவாள், நான் தடுமாறிய மாதிரி. என் அம்மாவுக்கு இது வந்தது, ஆஸ்பத்திரி போனாள், குணமாகித் திரும்பி வந்தாள், எல்லோர் முன்னாலும் தலைநிமிர்ந்து நின்றாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பெண்ணுக்கு நான் வேறு என்ன சீர் செய்யப்போகிறேன்?

நான் ரங்கூனைப் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டில் பார்க்காத ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டு, பார்த்த ஊரை மறைத்துக்கொண்டு வாழ்ந்தால், அந்தப் பயத்திலேயே எனக்குத் தூக்கம் போய்விடும். இங்கே நான் படுத்ததும் தூங்குகிறேன். ஒன்பது வீட்டுக்கும் என்னைத் தெரியும், அதனால் தூங்குகிறேன்.

ரெஜினா அக்காவிடம் சொல்லுங்கள், செலினை நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். நான் இல்லாதபோது அவர்கள்தான் தாய். அதை எங்கேயும் யாரிடமும் சொல்வேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். பூசை ஏழரை மணிக்கு.

என்றும் உங்கள்
மெட்டில்டா


குண்டலுபேட்டை
10 நவம்பர் 1936

என் மெட்டில்டாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தேன்.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து சத்திரத்தில் தங்கி, காலையில் கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ நீலப் புடவையில் இருந்தாய். பூசை முடிந்தும் யாரும் கலையவில்லை. வாசல்படிக்கு வெளியே குங்குமம் வைத்த பெண்கள் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அதில் மடி நிறையப் பூவோடு நின்ற பருமனான அம்மாள்தான் மாரக்காளாக இருக்க வேண்டும். முன்னால் நின்ற இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு வந்தார்.

"இந்தக் குழந்தைக்கு ஞானத்தாய் யார்?" என்று சாமியார் கேட்டார். "நான், சாமி" என்றாய். கடைசித் தூண் வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் ஜூடித் குழந்தையை உன் கையில் வைத்தாள். தண்ணீர் பட்டதும் அது வீரிட்டு அழுதது. உன்னைப் பற்றிப் பயந்தேன், அதை மறைக்க மாட்டேன். நீ குனிந்து அதன் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தாய். அழுகை நின்றது. வெளியே நின்ற பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள், கோவில் என்றுகூடப் பார்க்காமல்! உபதேசியார் கையை உயர்த்தினார், பிறகு அவரே சிரித்துக் கையை இறக்கிக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு வயதானவர் நின்றிருந்தார். "அந்த அம்மா யாருங்க?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன், மெட்டில்டா. நாலு வருஷப் பழக்கம். ஆனால் வந்தது வேறு வார்த்தை. "என் சம்சாரம். பெங்களூர் ஆஸ்பத்திரியிலே இருந்து குணமாகி வந்திருக்காங்க" என்றேன்.

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? முன்னால போங்க" என்றார் அவர்.

போக முடியவில்லை. உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். எந்த முகத்தோடு நடுவில் புகுவது என்று தெரியாமல் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். கெம்பையன், "மாத்தாடினீங்களா சாரு?" என்று கேட்டான். பேசவில்லை என்றேன். வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டுகிறவன், ஊர் வந்து சேரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். "பிள்ளையை என்கிட்டேருந்து பிரிச்சிடாதேடா" என்று அழுதாள். நீ எழுதிய வரிகளை வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். நேற்று ஆபீசில் மானேஜரிடமும், டிக்கெட் வாங்க வந்த நம் சபைக்காரர் இரண்டு பேரிடமும் நானே சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அதில் ஒருவர், "என் தங்கச்சிக்குக் கூட..." என்று ஆரம்பித்து, பஸ் புறப்படும்வரை பேசிவிட்டு, உன் விலாசம் வாங்கிக்கொண்டு போனார்.

செலினிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மா ரங்கூன்ல இல்ல, மைசூர்ல இருக்கா. தலைக்குள்ள ஒரு ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா" என்றேன்.

"ஜுரம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப ஏன் வரல?"

"அப்பா போய்க் கூப்பிடல."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போய்க் கூப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

உன்னை அங்கிருந்து எடுத்துவர இனி நினைக்க மாட்டேன். எங்கள் சர்வீசுக்கு மைசூர் ஸ்டாண்டிலும் ஆபீஸ் இருக்கிறது. அங்கே மாற்றிக் கேட்டிருக்கிறேன், கிடைக்கும் போலிருக்கிறது. வருகிற ஞாயிறு, காலை முதல் பஸ்ஸில் நான், செலின், அக்கா மூன்று பேரும் வரலாமா? நீ சம்மதித்தால் மட்டும்.

உன்
லூர்துராஜ்


மைசூர்
12 நவம்பர் 1936

பிரியமுள்ள செலின் அப்பாவுக்கு,

வாருங்கள்!

உங்கள் கடிதத்தைக் குழாயடியில் நின்றே வாசித்தேன். முகத்தைப் பார்த்து என்னவோ ஏதோ என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள், சொல்லிவிட்டேன். இப்போது வட்டாரம் முழுக்க ஒரே அமர்க்களம். ரத்தினசாமி போன வாரம் காலியான ஏழாம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். தேவம்மா ஒப்பட்டுப் போளிக்குப் பருப்பு ஊறப்போடப் போகிறாராம். ரெஜினா அக்காவுக்குத் தன் வீட்டிலேயே கட்டில் போடுவேன் என்று மாரக்காள் அடம்பிடிக்கிறார். ஜூடித் தன் குழந்தைக்கு, "உங்க அக்கா வர்றா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். செலினுக்கு இங்கே ஒரு தங்கை காத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

தூணுக்குப் பின்னால் நின்றீர்கள் என்று வாசித்தபோது அழுதேன். அந்தப் பெரியவரிடம் சொன்ன பதிலை வாசித்தபோது, குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அது நசுங்கிவிட்டது. பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர மாட்டேன். செலின் இந்த வாசல் வழியாக நடந்து வருவதை இங்கே நின்று பார்க்க வேண்டும். அவள் என்னிடம் உடனே வராவிட்டால் யாரும் அவளைத் தள்ள வேண்டாம். நான் உட்கார்ந்து காத்திருப்பேன், அது எனக்கு நன்றாக வரும்.

வழி கேட்பது சுலபம். அக்ரஹாரத்தில் இறங்கி யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். ஆனால் வாசலில் மாரக்காள் உட்கார்ந்திருப்பார், முன்பின் தெரியாதவர்களை லேசில் உள்ளே விட மாட்டார். யார் நீங்கள், எந்த ஊர், என்ன காரியம் என்று துருவுவார். பயப்படாதீர்கள். உங்கள் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. மெட்டில்டாவின் வீட்டுக்காரர் என்று சொல்லுங்கள், வழி விடுவார்கள்.

உங்கள்
மெட்டில்டா